வீரன் பேசிய விலை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சரடோகா என்றொரு போர்க்களம். அங்கே 1887-இல் வைத்த ஒரு நினைவுக்கல்லில் ஆள் உருவம் இல்லை. இடது காலுக்கான ஒற்றை பூட்ஸ் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வீரனை வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். பெயரை மட்டும் பொறிக்கவில்லை.

அந்தக் காலுக்கு உரியவர் பெனடிக்ட் ஆர்னால்டு. கனெக்டிகட்டில் மருந்துக்கடை நடத்தியவர். 1775-இல் அமெரிக்கப் புரட்சி வெடித்ததும், சுமார் 1,100 பேரைத் திரட்டிக்கொண்டு மெயின் காடுகள் வழியாக கியூபெக் நகரை நோக்கிப் புறப்பட்டார். வழியில் உணவு தீர்ந்துபோய், நாயையும் செருப்புத் தோலையும் வேகவைத்துத் தின்றிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 600 பேர். அந்த ஆண்டின் கடைசி நாள், கொட்டும் பனியில் நடந்த தாக்குதலில் அவருடைய இடது காலில் குண்டு பாய்ந்தது.

1777 அக்டோபர் 7. சரடோகாவில் மறுபடியும் அதே கால். அன்றைக்கு அவர் களத்தில் இறங்கியிருக்கவே கூடாது. தளபதி கேட்ஸ் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் மனுஷருக்குப் பொறுக்கவில்லை, குதிரையேறிப் பாய்ந்துவிட்டார். பத்தே நாளில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. தங்கப் பதக்கம் கேட்ஸுக்குப் போனது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்கர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸ், ஆர்னால்டை விட்டுவிட்டு, பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்த ஐந்து பேருக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தது.

இந்த மனிதர்தான் 1780-இல், தலைமைத் தளபதி வாஷிங்டனிடம் கேட்டு வாங்கிய வெஸ்ட் பாயிண்ட் கோட்டையை எதிரிக்கு விற்க 20,000 பவுண்டு விலை பேசினார். பேரம் முடித்துத் திரும்பிய பிரிட்டிஷ் மேஜர் ஆந்த்ரே வழியில் பிடிபட்டார். காலுறைக்குள் கோட்டையைப் பற்றிய காகிதங்கள். ஆந்த்ரே தூக்கில் தொங்கினார். ஆர்னால்டு எதிரியின் கப்பலேறித் தப்பிவிட்டார்.

ஏன் இப்படிச் செய்தார்? பிலடெல்பியாவில் பதவி வகித்தபோது முறைகேட்டுப் புகார், இராணுவ விசாரணை, வாஷிங்டனின் கண்டனம். மனம் நொந்துதான் மாறினார் என்பார்கள். தேதியைப் பாருங்கள். கண்டனம் வந்தது 1780 ஏப்ரலில். அவர் எதிரிக்கு ரகசியத் தூது விட்டதோ 1779 மே மாதம். பதினெட்டு வயது பெக்கி ஷிப்பனைக் கல்யாணம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆடம்பர வாழ்க்கை, கழுத்தை நெரிக்கும் கடன். பழியை மனைவி தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. அந்த அம்மாவுக்கும் பங்கு இருந்தது. ஆனால் கோட்டையின் சாவி இருந்தது இவர் கையில்.

அவமானம் நிஜம்தான். அதே 1777-இல் அதே காங்கிரஸ், நியூ ஹாம்ப்ஷயர்க்காரர் ஜான் ஸ்டார்க்கையும் பதவி உயர்வில் ஒதுக்கியது. அவர் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சில மாதங்களில் எதிரிப்படை நெருங்க, அவருடைய மாநிலம் அவரைக் கூப்பிட்டது. வந்தார், ஆனால் கோபத்தோடுதான் வந்தார்: மாநிலத்துக்கு மட்டுமே கட்டுப்படுவேன், காங்கிரசுக்கு அல்ல என்று நிபந்தனை போட்டார். ஆகஸ்டில் பென்னிங்டனில் அவர் கொடுத்த அடிதான் சரடோகா வெற்றிக்கு வழி திறந்தது.

கோட்டை கைக்கு வராததால் ஆர்னால்டுக்குக் கிடைத்தது 6,000 பவுண்டு. மறுவருஷம் பிரிட்டிஷ் தளபதியாக வந்து, தான் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊரான நியூ லண்டனை எரித்தார்.

உரிய இடம் கிடைக்காமல் மனம் கசந்திருக்கும் நேயர் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கோபப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். வேண்டுமானால் ராஜினாமாக் கடிதமும் எழுதுங்கள். ஸ்டார்க்கும் எழுதினார்.