ஓர் ஏகாரமும் இரு உடன்பிறந்தோரும்

ஒரு செயல் யாருக்குரியது? அதனை முதலில் எண்ணியவருக்கா, எண்ணத்திற்கு உருக்கொடுத்தவருக்கா? அமெரிக்காவில் மூன்றே ஆண்டுகள் நிலைத்து மறைந்த ஒரு மோட்டார் நிறுவனத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

சார்லஸ் துரியே 1861-இல் பிறந்தவர். மிதிவண்டித் தொழிலில் தேர்ந்தவர். அவர் தம்பி பிராங்க் எட்டாண்டு இளையவர். கருவிகள் செய்வதில் வல்லவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், பழைய குதிரை வண்டி ஒன்றை 70 டாலருக்கு வாங்கி, அதில் பெட்ரோல் எந்திரத்தைப் பொருத்த இருவரும் 1892-இல் முனைந்தனர். வேலை முடியுமுன்னே அண்ணன் தம் தொழிலின்பொருட்டு இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவுக்குப் போய்விட்டார். முதலில் அமைத்த எந்திரமோ இயங்க மறுத்தது. தம்பி அதனை மாற்றி அமைத்தார். 1893 செப்டம்பரில் வண்டி தெருவில் ஓடியது. அதைக் காண அண்ணன் அங்கு இல்லை.

துரியே மோட்டார் வேகன் கம்பெனி 1895-இல் தோன்றியது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று, பனி மூடிய சிக்காகோ சாலைகளில் ஏறத்தாழ 54 மைல் பந்தயம் நடந்தது. புறப்பட்ட ஆறு வண்டிகளுள் இரண்டே திரும்பின. வழியில் முறிந்த திருப்புக்கோலை ஒரு கொல்லர் உலையில் செப்பனிட்டுக்கொண்டு, பத்து மணி நேரத்திற்கு மேல் ஓட்டி, பிராங்க் முதலாவதாக வந்தார். அந்தக் கொல்லரின் பங்கை யார் கணக்கிட்டார்கள்? மறு ஆண்டில் ஒரே அமைப்பில் 13 வண்டிகள் உருவாயின. அமெரிக்காவில் அதற்குமுன் எவரும் அவ்வாறு செய்ததில்லை. 1898-இல் நிறுவனம் முடிவுற்றது, உடன்பிறந்தோரும் பிரிந்தனர்.

வழக்கு அதன் பின்னரே முற்றியது. கண்டுபிடிப்பு தம்முடையது, தம்பி தாம் சொன்னதைச் செய்த தொழிலாளி என்றார் சார்லஸ். பிராங்க் அதனை மறுத்தார். இருவரும் முழுப் பொய் பேசினர் என நாம் கருதவில்லை. அண்ணன் தூண்டியிராவிடில் தம்பி தொடங்கியிருக்க மாட்டார். தம்பி உழைத்திராவிடில் அது வரைபடமாகவே நின்றிருக்கும். 'நான் செய்தேன்' என்பது உண்மை. 'நானே செய்தேன்' என்னும்போது, அந்த ஓர் ஏகாரம் உடன்பிறந்தவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது.

அப்படியாயின் தாழ்மையைக் கருதி இளையவர் வாய்மூடி இருந்திருக்க வேண்டுமா? இப்படி அறிவுரை கூறுவது நம்மனோர்க்கு எளிது, கூறியுமிருக்கிறோம். ஆனால் தன் உழைப்பு மறைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டுவது தற்பெருமை ஆகாது. பொய்யை நிலைக்கவிடும்படி தாழ்மை எவரையும் கேட்பதில்லை. எனினும், நியாயத்தை நிலைநாட்டுவது எந்த இடத்தில் பகையாக மாறுகிறது என்பதை, அதை நடத்துபவரால் எளிதில் காண முடிவதில்லை.

அந்த 13 வண்டிகளுள் ஒன்றே எஞ்சி, டியர்பார்ன் நகரத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சார்லஸ் 1938-இல் மறைந்தார். பிராங்க் 1967 வரை வாழ்ந்தார். அந்த 29 ஆண்டுகளும் அவர் சொல்லை மறுத்துரைக்க அண்ணன் இல்லை.