தகுதி பார்த்தா கருணை?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மரக்காணம் கரையோரக் குப்பங்களைத் தாக்கியபோது, அரிசியும் துணியும் அனுப்ப நாம் தயங்கவில்லை. "இவர்கள் உதவிக்கு உரியவர்தாமா?" என்று எவரும் வினவவுமில்லை. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் நமக்கு அக்கடற்கரை அயலன்று.

2023 மே மாதம், அதே கரையிலுள்ள எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தோர் அடுத்தடுத்து மாண்டனர். விழுப்புரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் அப்போது 20-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழந்தனர். இறந்தோர் குடும்பத்திற்கு அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. "குடித்து மாண்டவனுக்குப் பணமா?" என்ற குரல் பலவிடத்தும் எழுந்தது. உதவி திரட்ட வந்த அன்பரிடம் நாமும் அதையே கேட்டு, வெறுங்கையோடு அனுப்பினோம்.

அன்றிரவு நம் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் நம் இல்லறத்தாரின் முதற்கடமை. ஆதலின் குடியைப் பழிப்பதில் பிழையில்லை. ஆனால் நாம் மறுத்தது யாருக்கு? மாண்டவனுக்குப் பணத்தால் பயனில்லை. வெறும் பானையின் முன் நிற்பவள் அவன் மனைவி. "குடிக்காதே" என்று பன்னாள் மன்றாடியவளும் அவளாகவே இருக்கலாம்.

துறவியர் முதலிய நல்லோர்க்குத் தகுதி நோக்கி அளிப்பது பாத்திரதானம். துன்புற்றோர்க்கு இரங்கி அளிப்பது கருணாதானம். இதற்குத் துன்பமே தகுதி. முன்னதன் அளவுகோலைப் பின்னதற்கு வைத்ததே நம் பிழை.

1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நாம் ஆசிரியப் பணியில் இருந்தோம். தட்டேந்தி வரிசையில் நின்ற பிள்ளையிடம், "உன் தந்தை குடிப்பவரா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளியில் கேட்கக் கூசிய கேள்வியை, முதுமையில் நம் வீட்டுத் திண்ணையில் கேட்டுவிட்டோம்.

"பணம் கொடுத்தால் குடி பெருகாதா?" என்பர் சிலர். தன் மனைவி பெறப்போகும் தொகைக்காக எவனும் நஞ்சருந்தமாட்டான். குடியைத் தடுக்க வேண்டிய இடம் வேறு: சாராயம் விற்போரையும், அதற்கு மெத்தனால் தருவோரையும் ஒடுக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது, அப்பணி முடியவில்லை என்பதையே காட்டியது. அதைச் செய்யாமல் அநாதைப் பிள்ளையின் உணவை நிறுத்துவது, ஒருவர் குற்றத்திற்கு மற்றொருவரை ஒறுப்பதாகும்.

மாண்டவரின் வினைக்கணக்கை எழுதும் பொறுப்பு நமக்கில்லை. சின்னாட்கள் கழித்து அதே அன்பரைத் தேடிச் சென்று, அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க ஒரு தொகை அளித்தோம். வாசலுக்கு வந்தபோதே அளித்திருக்க வேண்டிய தொகை அது.