கண்டிக்கோட்டைப் பாறையில் நிற்கப்போகிறவர்களுக்கு

சேசுநாதரில் பிரியமான பங்கு மக்களே,

வனாந்தரத்தில் நாற்பது நாள் ஒருசந்தி இருந்த நம் ஆண்டவரைப் பசாசு சோதித்த வரலாறு உங்களுக்குத் தெரியும். தேவாலயத்தின் உச்சியில் அவரை நிறுத்தி, கீழே குதியும், சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்றது. ஆண்டவர் குதிக்கவில்லை. சர்வேசுரனைச் சோதிக்கலாகாதென்று வேத வாக்கியத்தாலேயே அதன் வாயை அடைத்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் வாலிபர்கள் விடுமுறையில் வேன் அமர்த்திக்கொண்டு கண்டிக்கோட்டைக்குப் புறப்படுகிறார்கள். போகட்டும், பார்க்கவேண்டிய இடந்தான். ஆந்திராவில் கடப்பை ஜில்லா, ஜம்மலமடுகுக்கு அருகே, வறண்ட எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணை ஆறு அறுத்துக்கொண்டு ஓடுகிறது. தெலுங்கில் கண்டி என்றால் மலைப் பிளவு. செந்நிறப் பாறைகள் பலகை அடுக்கினாற்போல் துருத்தி நிற்கின்றன. பள்ளம் ஏறக்குறைய 300 அடி. நம் திருச்சி மலைக்கோட்டைப் பாறை 273 அடிதான். அதைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் வைத்தால் அதன் உச்சியும் நம் காலடிக்குக் கீழேதான் நிற்கும். கோட்டைக்குள் பழைய ரெங்கநாதர் கோயிலும் ஜும்மா மசூதியும் தானியக் களஞ்சியமும் இருக்கின்றன. அவற்றை நின்று பார்ப்பவர் குறைவு. வேனை விட்டு இறங்கியதும் விளிம்புக்கே ஓட்டம்.

படம் பிடிப்பது பாவமல்ல. கட்டிலோடு கிடக்கும் பாட்டிக்கு அந்தப் படத்தைக் காட்டினால் புண்ணியங்கூட. ஆனால் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, பாறை நுனியில் கால்வைத்துத் தன்னையே படமெடுக்கிறவன் எதைப் பார்க்கிறான்? படைப்பையுமல்ல, படைத்தவரையுமல்ல. டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பத்திரிகைச் செய்திகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2011 முதல் 2017 வரை செல்பி எடுக்கையில் உலகெங்கும் 259 பேர் மாண்டார்கள். அவர்களில் 159 பேர் நம் தேசத்தில். பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

"சாமி, கழுத்தில் ஜெபமாலை கிடக்கிறது, மாதா காப்பாற்றுவாள்" என்பீர்கள். பசாசு சொன்னதும் இதுதானே! அதுவும் வேதத்தைக் காட்டித்தான் சொன்னது. ஐந்தாம் கற்பனை பிறர் உயிரை மட்டுமல்ல, உன் உயிரையும் காக்கச் சொல்கிறது. அது உனக்குச் சொந்தமல்ல, உன்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்படியானால் ஆபத்தில் இறங்கவே கூடாதா? 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்தபோது, பக்கத்தில் தோண்டிய குழிக்குள் தீயணைப்பு வீரர் ஒருவர் இறங்கினாரே! நம் பக்கத்து வீடுகளில் அந்த இரவுகளில் யார் தூங்கினார்கள்? குழந்தை பிழைக்கவில்லை. ஆனாலும் அவர் இறங்கியதை வீண் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அவர் இறங்கியது பிள்ளைக்காக. பாறை நுனிக்குப் போகிறவன் எதற்காகப் போகிறான், அவனே சொல்லட்டும்.

ஒவ்வொரு வேனிலும் பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும். விளிம்புக்குப் பத்தடி இப்பால் நின்று, முதலில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிக் கண்ணாரப் பாருங்கள், படம் அப்புறம். திரும்பி வந்ததும் படங்களை அறைவீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் அங்கேதான் இருப்பேன். எனக்கும் அந்த ஆற்றைப் பார்க்க ஆசை.

உங்கள் பங்குச் சுவாமியார்