எல்லாம் கோப்பே: ஒருமைக் கொள்கையும் அதன் மிச்சமும்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கருவிகள் பெரும்பாலும் நிரலின் கண்ணுக்குக் கோப்புகளாகவே தெரியும். வட்டு, விசைப்பலகை, அச்சுப்பொறி, மோடம் என எதுவானாலும் 'டெவ்' என்னும் அடைவில் அதற்கொரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் திறக்கலாம், அதிலிருந்து படிக்கலாம், அதில் எழுதலாம், மூடலாம். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய அமைப்பு யூனிக்ஸ். 1974இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இந்தச் 'சிறப்புக் கோப்பு'களுக்கு மூன்று பயன்களைச் சொல்கிறது. கோப்பையும் கருவியையும் கையாளும் முறை இயன்றவரை ஒன்றாகிறது. கோப்பின் பெயரை எதிர்பார்க்கும் நிரலுக்குக் கருவியின் பெயரைக் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்கிறது. கோப்புக்கு உள்ள அதே அனுமதிக் காவல் கருவிக்கும் கிடைக்கிறது. பின்னால் வந்தவர்கள் இந்தக் கருத்தைச் சுருக்கி 'எல்லாம் கோப்பே' என்று ஒரு மகாவாக்கியம் போல வழங்கலானார்கள்.

மகாவாக்கியம் என்றால் அதற்குரிய பழைய கேள்வியும் கூடவே வரும். பலவாகத் தெரிபவை உண்மையில் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், அவற்றிடையே இருந்த வேறுபாடு எங்கே போயிற்று? வேதாந்திகளும் வைசேஷிகரும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய இந்தக் கேள்விக்கு, ஓர் இயங்குதளத்தின் உள்ளமைப்பில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சான்று இருக்கிறது. அதன் பெயர் 'ஐஓசிடிஎல்'. உள்ளீடு வெளியீட்டுக் கட்டுப்பாடு என்பதன் சுருக்கம் அது. கருவிக்குக் கட்டளை அனுப்பவும் அதன் நிலையைக் கேட்டுப் பெறவும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் திறந்து வைத்திருக்கும் வாசல்.

படித்தல், எழுதுதல் என்னும் இரண்டு வினைகளும் பைட்டுகளின் ஓட்டத்தை மட்டுமே அறியும். அச்சுப்பொறிக்கு எழுத்துகளை அனுப்பவோ விசைப்பலகையில் தட்டியதைப் பெறவோ அவை போதும். ஆனால் ஒரு தொடர்வரிசை இணைப்பு நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இயங்க வேண்டும் என்று சொல்ல நினைத்தால் சிக்கல் தொடங்குகிறது. '9600' என்று அந்தக் கோப்பில் எழுதினால், நான்கு இலக்கங்களும் கம்பி வழியே மறுமுனைக்குப் போய்ச் சேரும், வேகம் மாறாது. தபால்காரர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுப்பது வேறு, 'நாளை காலையிலேயே வந்துவிடுங்கள்' என்று அவரிடமே சொல்வது வேறு. முன்னது அவர் வழியே பேசுவது, பின்னது அவரோடு பேசுவது. கோப்பு என்னும் உருவகம் முன்னதை முழுமையாகப் பிடித்துக்கொண்டது. பின்னதற்கு அதில் இடமே வைக்கப்படவில்லை.

இந்தக் குறை தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1971இன் முதல் பதிப்புக் கையேட்டிலேயே முனையத்துக்கென்று தனியாக இரண்டு அழைப்புகள் இருக்கின்றன: அமைப்பை மாற்ற 'எஸ்டிடிஒய்', அமைப்பைக் கேட்டறிய 'ஜிடிடிஒய்'. டெலிடைப் பொறிகளின் வேகம் போன்றவற்றை அவை கையாண்டன. 1979இல் வந்த ஏழாம் பதிப்பு இவற்றைப் பொதுமைப்படுத்தி, எந்தக் கருவிக்கும் எந்தச் செய்தியையும் அனுப்பத்தக்க ஒரே அழைப்பாக ஐஓசிடிஎல்லைக் கொண்டுவந்தது. முனையத்துக்கு மட்டும் விதிவிலக்காக இருந்தது எல்லாக் கருவிகளுக்கும் வாசலாயிற்று. ஒருமைக் கொள்கையில் விழுந்த ஓட்டையை அடைக்காமல், அதற்குச் சட்டமும் கதவும் பொருத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இந்த அழைப்புக்கு மூன்று உறுப்புகள். முதலாவது, திறந்த கோப்பைக் குறிக்கும் எண். இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறிக்கும் கட்டளை எண். மூன்றாவது, தகவல் வைத்திருக்கும் நினைவிடத்தின் முகவரி. இந்த மூன்றாவதுதான் வேடிக்கையானது. அந்த முகவரியில் இருப்பது ஓர் எண்ணா, ஒரு பட்டியலா, பல புலங்கள் கொண்ட கட்டமைப்பா, அல்லது ஒன்றுமே இல்லையா என்பது அழைப்பின் வடிவத்திலிருந்து தெரியாது. கட்டளை எண்ணை அறிந்த டிரைவருக்கு, அதாவது அந்தக் கருவியை இயக்கும் நிரலுக்கு, மட்டுமே அது தெரியும். முனையச் சாளரத்தின் அளவைக் கேட்கும் கட்டளையில், வரிசை, நெடுவரிசை, கிடைமட்டப் புள்ளிகள், செங்குத்துப் புள்ளிகள் என நான்கு சிறு எண்கள் அந்த இடத்தில் நிரப்பப்படும். குறுவட்டுத் தட்டை வெளியே தள்ளும் கட்டளையில் அந்த இடம் பயன்படுவதே இல்லை. அழைப்பு ஒன்றே, அதற்குள் பேசப்படும் மொழிகளோ கருவிக்கு ஒன்று.

யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் இயங்குதளம் இந்தக் கட்டளை எண்ணுக்கே ஓர் இலக்கணம் வகுத்தது. பெரும்பாலான செயலி வகைகளில் அதன் 32 பிட்டுகளில் 8 பிட் கட்டளையின் வரிசை எண். 8 பிட் கருவிக் குடும்பத்தின் அடையாளம். 14 பிட் தகவலின் அளவு. எஞ்சிய 2 பிட் செய்தி செல்லும் திசை. திசை நிரலின் பார்வையிலிருந்து குறிக்கப்படுகிறது: 'எழுது' என்று குறித்தால் நிரல் தருகிறது, கர்னல் படித்துக்கொள்கிறது. பேசுபவர் யார் என்று முதலில் முடிவு செய்யாமல் கொடுத்தலையும் பெறுதலையும் பிரிக்க முடியாது என்பது இங்கே இரண்டு பிட்டுகளில் அடங்கிவிட்டது.

ஆனால் இலக்கணம் இருப்பதாலேயே சொல்லுக்குப் பொருள் வந்துவிடாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானது, யாரும் ஏற்படுத்தியதல்ல என்பது மீமாம்சகர் கொள்கை. அது வழக்கால் ஏற்பட்ட ஒப்பந்தம் என்பது நியாய மரபின் கொள்கை. கட்டளை எண்களைப் பொறுத்தவரை நியாயமே வெல்கிறது. எந்தக் குடும்ப அடையாளத்தை எந்த டிரைவர் எடுத்துக்கொண்டது என்று லினக்ஸ் கர்னல் ஆவணங்களில் ஒரு பட்டியல் பராமரிக்கப்படுகிறது. அதன் பல வரிகளில் 'மோதல்' என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஒரே அடையாளத்தை ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் எடுத்துக்கொண்டதன் விளைவு அது. எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டியதற்கு அந்த ஆவணம் தரும் காரணம் எளிமையானது: தவறான கருவிக்குக் கட்டளை போய்ச் சேர்ந்தால் எதிர்பாராத ஏதோ நடப்பதைவிட, பிழை என்று திரும்பி வருவது மேல்.

அந்தப் பிழைக்கும் ஒரு கதை உண்டு. தனக்குப் புரியாத கட்டளை வந்தால் டிரைவர் திருப்பி அனுப்ப வேண்டிய பிழையின் எண் 25. அதன் பழைய விளக்கம், 'இது தட்டச்சுப்பொறி அல்ல'. முனையம் டெலிடைப் பொறியாக இருந்து, அதற்கு மட்டுமே கட்டளை அனுப்பிய காலத்தின் எச்சம் இது. பிற்காலத்தில் மின்னஞ்சல் திரும்பி வந்தபோது சில வேளைகளில் காரணமாக இந்த வாசகமே ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியீடு முனையத்துக்குப் போகிறதா என்று உள்ளே எங்கோ ஒரு நூலகம் சோதித்திருக்கும். அல்ல என்ற விடை அழிக்கப்படாமல் கிடந்து, வேறொரு தோல்வியின் காரணமாகக் காட்டப்பட்டிருக்கும். கடிதம் ஏன் போகவில்லை என்று கேட்டவருக்கு, அவர் தட்டச்சுப்பொறி அல்ல என்று பதில் வந்தது.

இனி மெய்யியலுக்கு வரலாம். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணையும் பொன்னையும் இரும்பையும் காட்டி விளக்குகிறார். அத்வைதம் அந்த விளக்கத்தை எடுத்துக்கொள்கிறது: குடமும் சட்டியும் மண்ணே, வேறுபாடு பெயரும் உருவமும் மட்டுமே. 'எல்லாம் கோப்பே' என்பதை இப்படிப் படித்தால், வட்டும் மோடமும் வெறும் பெயர்கள், பைட்டு ஓட்டமே உண்மை. இந்தப் படிப்பு ஐஓசிடிஎல் முன்னால் தடுமாறுகிறது. குடத்துக்கும் சட்டிக்கும் உள்ள வேறுபாடு மண்ணைப் பற்றிய கேள்விக்குத் தேவைப்படாமல் போகலாம். வேகத்துக்கும் குறுவட்டுத் தட்டுக்கும் உள்ள வேறுபாடு கருவியை இயக்குபவருக்குத் தேவைப்படாமல் போவதே இல்லை.

கணாதர் தொடங்கிய வைசேஷிகம் எதிர்முனையில் நிற்கிறது. பொதுமையும் விசேஷமும் அதற்குத் தனித்தனிப் பதார்த்தங்கள். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அணுக்களைக்கூட வேறாக்குவது விசேஷம். யூனிக்ஸ் கருவிக் கோப்புகளின் எண்முறை இதற்கு வியப்பூட்டும் அளவு நெருங்கி வருகிறது. ஒவ்வொரு கருவிக் கோப்புக்கும் முதன்மை எண், துணை எண் என இரண்டு உண்டு. முதன்மை எண் எந்த டிரைவர் என்று சொல்லும், துணை எண் அந்த டிரைவரின் கீழ் எது என்று சொல்லும். லினக்ஸில் எழுதியதை எல்லாம் விழுங்கிவிடும் 'நல்' கருவிக்கு 1, 3. சுழியங்களை முடிவின்றித் தரும் 'ஜீரோ' கருவிக்கு 1, 5. பெயரை மாற்றி வைத்தாலும் கர்னல் இந்த எண்களையே நம்பும். கோப்பு என்ற பொதுமைப் போர்வைக்குக் கீழே வேறுபாடு பத்திரமாகப் படுத்திருக்கிறது. இருந்தும் விசேஷத்தை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் விளக்க முடியாது. வேறுபாடு மட்டுமே அடிப்படை என்றால், ஒரே நிரல் கோப்பையும் கருவியையும் வேறுபாடு அறியாமலே நகலெடுக்க முடிவது ஏன் என்பதற்கு விடை கிடைக்காது.

இராமானுசரின் விசிட்டாத்துவைதம் நடுவழி காட்டுகிறது. ஒருமை உண்மை, ஆனால் அது அடைகளோடு கூடிய ஒருமை. உயிருக்கு உடல் போல அந்த அடைகள் ஒன்றிலிருந்து பிரிக்க முடியாதவை. ஐஓசிடிஎல்லையும் கோப்பிலிருந்து பிரிக்க முடியாது. முதலில் கோப்பைத் திறந்தால்தான் கட்டளை அனுப்ப முடியும். கோப்பு இல்லாமல் தனித்து நிற்கும் கட்டளை கிடையாது. இந்த அளவில் ஒப்புமை பொருத்தமானது. அதற்கு மேல் இழுக்கக் கூடாது: இராமானுசர் பேசியது உலகின் இயல்பை, தாம்ப்சனும் ரிச்சியும் தேர்ந்தது ஒரு வசதியை.

அந்தத் தேர்வை இறுதிவரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதே பெல் ஆய்வகம் பின்னர் 'பிளான் 9' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. 1992இல் பல்கலைக்கழகங்களுக்கும் 1995இல் பொதுவிலும் வந்த அதில் ஐஓசிடிஎல் கிடையாது. பொதுவாக ஒரு கருவிக்குத் தரவுக் கோப்பு ஒன்று, கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்று. வேகத்தை மாற்ற வேண்டுமா? கட்டுப்பாட்டுக் கோப்பில் 'பி9600' என்று சாதாரண எழுத்தாக எழுதினால் போதும். வலைப்பின்னல் இணைப்புக்கும் அதே வழிதான். கட்டளைகள் எழுத்தாக இருப்பதால் கண்ணால் படிக்கலாம், வேறொரு கணினியிலிருந்தும் அனுப்பலாம், செயலியின் எண்ணமைப்பு மாறினாலும் பொருள் கெடாது. பொறியியலாக இது யூனிக்ஸைவிட மேலான விடை என்பதில் ஐயமில்லை.

மெய்யியலாகப் பார்த்தால் பன்மை இங்கும் போகவில்லை, குடிபெயர்ந்திருக்கிறது. 'பி9600' என்பதன் பொருள் தொடர்வரிசை டிரைவருக்கு மட்டுமே தெரியும்; வேறொரு கட்டுப்பாட்டுக் கோப்பில் அதை எழுதினால் அது பொருளற்ற ஒலி. யூனிக்ஸில் கட்டளை எண்ணுக்குள் இருந்த வேறுபாடு, பிளான் 9இல் கோப்பில் எழுதும் சொற்களுக்குள் போய்விட்டது. வினை ஒன்றாயிற்று, சொற்பொருள் ஒன்றாகவில்லை. எந்த ஒருமைக் கொள்கையும் இந்த இடத்தில்தான் சோதிக்கப்பட வேண்டும்: வேறுபாட்டை அது கரைத்ததா, இடம் மாற்றியதா?

லினக்ஸோ எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டது. 2007இல் வெளியான 2.6.20 பதிப்பில் சேர்ந்த 'கேவிஎம்' என்னும் மெய்நிகர் கணினி வசதிக்கும் ஒரு கருவிக் கோப்பு உண்டு. அதைத் திறந்து, ஒரு கட்டளையால் மெய்நிகர் கணினியைப் படைத்து, இன்னொன்றால் அதற்குச் செயலியைச் சேர்த்து, மற்றொன்றால் 'ஓடு' என்று சொல்ல வேண்டும். அந்த 'ஓடு' என்ற அழைப்புக்குள், தன் சொந்தக் கர்னலும் கோப்புகளும் கொண்ட முழு இயங்குதளம் ஒன்று இயங்கும். அதுவும் யூனிக்ஸ் வழிவந்ததானால் அதற்குள்ளும் ஒரு 'டெவ்' அடைவு இருக்கும், அதற்குள்ளும் கருவிகள் கோப்புகளாகத் தோன்றும். இவ்வளவுக்கும் அந்தக் கருவிக் கோப்பில் ஒரு பைட்கூட எழுதப்படுவதில்லை, ஒரு பைட்கூடப் படிக்கப்படுவதில்லை. திறக்கவும் மூடவும் மட்டுமே அது கோப்பு, மற்றதெல்லாம் கட்டளை. இதையும் கோப்பு என்று அழைப்பது மரியாதைக்காகச் சூட்டிய பட்டம்.

ஆகவே யூனிக்ஸ் கண்டது வினைகளின் ஒருமை, பொருள்களின் ஒருமை அன்று. எல்லாவற்றிடமும் கேட்கத்தக்க சில கேள்விகளைத் தேர்ந்தெடுத்ததால் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. தேர்விலிருந்து விடுபட்டவை ஒரே வாசலில் குவிந்தன. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தை வகுத்தவர்கள் அந்த வாசலை விரும்பவில்லை. மூன்றாவது உறுப்பின் வகை கட்டளைக்குக் கட்டளை மாறுவதால், முனையத்துக்கெனத் தனித்தனி அழைப்புகளை 1988இலேயே வகுத்தார்கள். அதே தரத்தின் 2024 பதிப்பில் பொதுவான கருவிக் கட்டுப்பாட்டு அழைப்பு ஒன்று 'போசிக்ஸ் டெவ்சிடிஎல்' என்ற பெயரில் இடம்பெற்றிருக்கிறது. தகவலின் அளவை அதில் தனியாகச் சொல்ல வேண்டும். தகவலின் வகையோ அதிலும் குறிக்கப்படவில்லை.