ஏற்பவன் தலை நிமிர

கொடுப்பதைப் பற்றி நம் நாட்டில் பேசாதவர்கள் இல்லை. வாங்குகிறவனுடைய மனத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் வயிறு நிறைகிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது. அதே வேளையில் அவனுக்குள் ஏதோ ஒன்று குறைந்து போகிறதே, அது யார் கண்ணுக்குத் தெரிகிறது?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் தென்னேரி என்று ஓர் ஊர். அதன் பெருமையே அதன் பெரிய ஏரிதான். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கியதுதான் பின்னால் தென்னேரி ஆயிற்று என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் உழவனுக்குக் கொண்டாட்டம். அந்த வட்டாரத்து நெசவாளிக்கோ அதுவே திண்டாட்டம். குழித்தறியில் நீர் ஊறிவிடும். தெருவில் பாவு போட்டு உலர்த்த வெயில் இராது. தறி ஓடாத நாளில் கூலியும் இல்லை.

2015ஆம் ஆண்டு இறுதியில் கொட்டிய பெருமழையில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் வெள்ளத்தில் தத்தளித்தன. கோயில்களும் பள்ளிவாசல்களும் மாதா கோயில்களும் கதவைத் திறந்துவிட்டன. முன்பின் தெரியாதவர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து சென்றார்கள். மனிதன் மனிதனாக இருந்த நாட்கள் அவை. ஆனாலும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பட்டு நெய்து கொடுத்த கை, ஒரு பொட்டலத்துக்காக நீளும்போது அந்தக் கைக்குரியவன் என்ன பாடு படுவான்?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடையை, தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஓசையின்றி இயங்கிவரும் வின்சென்ட் தே பவுல் சபையில் காணலாம். 1833இல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தொடங்கிய சபை அது. "உங்கள் மதம் முன்பு ஏதோ நல்லது செய்தது, சரி. இன்று என்ன செய்கிறது?" என்று சிலர் ஏளனமாகக் கேட்டார்களாம். அதற்கு அந்த இளைஞர்கள் வாதத்தால் மறுமொழி சொல்லவில்லை. ஏழைகளின் வீடு தேடிப் போனார்கள்.

இன்றும் அதன் உறுப்பினர்கள் துறவிகள் அல்லர். ஆசிரியர், குமாஸ்தா, கடைக்காரர் என்று நம்மைப் போலக் குடும்பச் சுமை உள்ளவர்கள். அவர்களுடைய இரண்டு வழக்கங்களைச் சொல்லவேண்டும். கூட்டத்தில் ஒரு பை கைமாறி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. ஒன்றும் போட முடியாதவனுடைய கையும் பைக்குள் போய் வெளியே வரும். அவன் மானமும் காப்பாற்றப்படுகிறது. நிறையப் போட்டவனுடைய கர்வமும் முளையிலேயே கிள்ளப்படுகிறது.

இரண்டாவது வழக்கம் இன்னும் உயர்ந்தது. அவர்கள் ஏழையைத் தங்கள் வாசலுக்கு அழைப்பதில்லை. இருவராக அவன் வீட்டுக்குப் போகிறார்கள். என்ன மதம் என்று கேட்பதில்லை. அவன் விரிக்கும் பாயில் உட்காருகிறார்கள். அவன் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் வாசலில் வரிசையில் நிற்கும்போது அவன் இரப்பவன். அவன் வீட்டுக்கு நாம் போகும்போதோ அவன் வீட்டுக்காரன், நாம் விருந்தாளிகள். முதலில் கொடுத்தவன் அவன்தான்!

இப்படிக் கொடுக்கத் தெரியாதவர்களும் எல்லாச் சமயங்களிலும் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். அரிசிப் பையின் மேல் தங்கள் படத்தை அச்சிடுகிறவர் உண்டு. அரிசியோடு தம் மதத்தையும் சேர்த்துத் தருகிறவர் உண்டு. பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துக் கொடுத்தால் அதற்கு வியாபாரம் என்று பெயர். ஏசுநாதர் சொன்ன சமாரியன் கதையைப் பாருங்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அவன் தன் வழியே போய்விடுகிறான். பெயரைக்கூடச் சொல்லிவிட்டுப் போனதாகக் கதையில் இல்லை.

ஆனால் பேரும் புகழும் வேண்டாதவனைக்கூட ஓர் ஆசை விடுவதில்லை. பிறருக்கு நாம் தேவைப்பட வேண்டும் என்ற ஆசை அது. காஞ்சியில் பஞ்சம் வந்தபோது மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி வந்து பசி தீர்த்த கதை நமக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்தவன் ஆபுத்திரன். நாட்டில் மழை பெய்து வளம் கொழித்ததும் அவனிடம் உண்ண வருவார் இல்லை. உண்பவர்களைத் தேடி அலைந்தான். கடைசியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர்விட்டான். ஊரார் வாழ்ந்ததில் அவனுக்கு வருத்தம் இருந்திராது. ஆனாலும் பசித்தவர் இல்லாமல் அவனால் வாழ முடியவில்லை. தொண்டு செய்கிற ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டிய கதை இது. நாம் விரும்புவது ஏழையின் வாழ்வையா, அல்லது அவனுக்குக் கொடுக்கும் நம் இன்பத்தையா?

ஏரி காக்கும் நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஊர்க்குடிகள் தாமே கூடி மண் வெட்டுவார்கள்; கரையை உயர்த்துவார்கள்; கால்வாய் தூர் எடுப்பார்கள். அங்கே கொடுப்பவன் என்று தனியாக ஒருவன் இல்லை, வாங்குபவனும் இல்லை. பின்னால் மதகு திறந்து தண்ணீர் பாயும்போது யாரும் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. தொண்டு செய்யப் புறப்படுகிறவர்கள் ஒரு கூடை அரிசியைக் கொண்டு போகட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது, அந்த வீட்டுக்காரனும் சுமப்பதற்கு ஒரு கூடை மண்ணையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகட்டும்.