கழுவக் கொடுக்கும் கால்



ஆண்டுதோறும் பெரிய வியாழன் மாலையில் உங்களில் பன்னிரண்டு பேருடைய பாதங்களை நான் கழுவுகிறேன். உண்மையைச் சொன்னால், கழுவ அங்கே ஒன்றும் இருப்பதில்லை. வீட்டிலேயே சோப்புப் போட்டு, பித்தவெடிப்பைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி வருகிறீர்கள். போன வருடம் ஒருவர் பவுடரே பூசி வந்தார். சாமியார் கையில் அழுக்குக் காலைக் கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

தவக்காலத் தொடக்கத்தில் சேலையூரில் ஒரு வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புநீர். நமக்கு இறால் என்றால் கோவளத்துக் கரையும் தட்டில் தொக்கும்தான். அங்கேயோ, சிவந்த முதுகில் தலையிலிருந்து வெள்ளைக் கோடு ஓடும் ஓர் இறால், நீண்ட வெள்ளை மீசைகளை ஆட்டியபடி கல்மேல் நின்றது. கொளத்தூரில் வாங்கியதாம். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படிக்கிறான். “க்ளீனர் ஷ்ரிம்ப், ஃபாதர். கொஞ்சம் பொறுங்க” என்றான்.

பொறுத்தேன். நீல மீன் ஒன்று அருகே வந்து, சற்றே சாய்ந்து, அசையாமல் நின்று வாயைத் திறந்தது. இறால் அதன்மேல் ஏறி, செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் நுழைந்து, ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் பொறுக்கித் தின்றது. பவளப்பாறைகளில் களவாவும் அஞ்சாலையும்கூட இப்படி வந்து நிற்குமாம். ஒரே விழுங்கில் இறாலைத் தின்றுவிடக்கூடிய மீன்கள்! அவை விழுங்காததை எல்லோரும் வியக்கிறார்கள். நான் வியந்தது வேறு. மீன் வந்து நின்றதே, அதை. தன் உடம்பில் அழுக்கு இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து காட்டவும் அது கூசவில்லை.

பேதுரு கூசினார். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, என் பாதத்தை நீர் கழுவவே கூடாது என்று காலை இழுத்துக்கொண்டார். பணிவு போலத் தெரிகிறது, இல்லையா? நம் வீடுகளிலும் இந்தப் பணிவு உண்டு. மருமகளிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்க மாட்டோம். கடன் கழுத்தை நெரிக்கும்போதும் அண்ணனிடம் சொல்ல மாட்டோம். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தாலும், கழுவிய பாவங்களாகப் பார்த்துச் சொல்கிறோம்.

அந்தப் பிள்ளை இன்னொன்றும் சொன்னான். துப்புரவு செய்கிற அந்த இறால்தான் தொட்டியிலேயே மென்மையான உயிர். மீனின் வெள்ளைப்புள்ளி நோயைத் தீர்க்கும் செம்பு மருந்து, இறாலைக் கொன்றுவிடும். முதல் இறாலை அப்படித்தான் இழந்தானாம். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு நிற்க வேண்டும். நம் தாம்பரத்துப் பங்குனி வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அதனால் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறான். சில வாரங்களுக்கு ஒருமுறை இறால் தன் ஓட்டை முழுதாகக் கழற்றிப் போடும். மீசை முதல் வால் வரை அப்படியே கிடக்கும் அந்த வெற்றோட்டைப் பார்த்து, செத்தேபோய்விட்டது என்று பாட்டி அழுதாராம். இறாலோ கல் இடுக்கில் ஒளிந்திருந்தது. புது ஓடு இறுகும்வரை யார் கடித்தாலும் அது தாங்காது. நேற்று வரை எல்லாரையும் சுத்தம் செய்ததற்கு, இன்று ஓர் இடுக்கு தேவைப்படுகிறது.

இங்கே எனக்குப் பெத்தானியா நினைவுக்கு வந்தது. பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு அங்கே மரியா, விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைத்தார். யூதாசு கணக்குப் பார்த்தான். ஆண்டவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவளை விடு என்றார். சீடர்களின் கால்களைக் கழுவ இடுப்பில் துண்டைக் கட்டியது அதற்குப் பிறகுதான். தம் பாதங்களை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தவர், அடுத்தவர் பாதத்தைக் கையில் எடுத்தார். யோவான் இந்த இரண்டையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்திருக்கிறார். இத்தனை வருடம் வாசித்தும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை, சேலையூர்த் தொட்டி முன் நிற்கும்வரை.

சரி, தண்ணீர் தயார். பன்னிரண்டு பேரும் முன்னே வாருங்கள். சோப்புப் போடாமல் வந்தவர் யாராவது இருந்தால், முதல் நாற்காலி அவருக்கு.