திறந்த வாயில்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கோவலூரில் மழை பெய்ததோர் இரவு. ஓர் இல்லத்தின் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். ஒருவரையொருவர் முன்பின் அறியாத பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் அங்கே ஒதுங்கி நின்றனர். நான்காமவனாக எம்பெருமானே வந்து நெருக்கினான். முதலில் படுத்திருந்தவர் "இடமில்லை" என்று கதவைச் சாத்தியிருந்தால் முதல் மூன்று திருவந்தாதிகள் உலகிற்குக் கிடைத்திருக்குமோ? அயலானுக்கு இடங்கொடுத்தவிடத்தில் பகவான் தானும் வந்து புகுகிறான் என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

இவ்வுண்மைக்கு நம் தொண்டை நாட்டுக் கடற்கரையிலும் ஒரு சான்று உண்டு. பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் சிற்றூர்களுள் தோணிரேவு என்பது ஒன்று. தோணி நம் தமிழ்ச் சொல். ரேவு என்பது துறையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். இரு மொழியாரும் கூடி வாழ்ந்த கரை அது என்பதை அப்பெயரே உரைக்கும். அருகிலுள்ள பழவேற்காட்டில் ஆதிநாராயணப் பெருமாள் எழுந்தருளி ஸேவை சாதிக்கிறார். அவ்வூரில் 1613-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஜெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர்.

அக்கோட்டைக்கு ஆபிரகாம் ரோஜேரியஸ் என்னும் பாதிரியார் வந்து சேர்ந்தார். ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரில், கீழைநாடுகளுக்குச் செல்வோருக்கென்று ஏற்பட்ட வேதபாடசாலையில் பயின்றவர் அவர். 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் வசித்தார். தம் மதத்தைப் பரப்புவதே அவருக்கு இட்ட பணி. ஆயினும் பேசுவதற்கு முன் கேட்பது நலம் என்று கருதினார் போலும்! பத்மநாபன் என்னும் அந்தணரை அடுத்து, இந்நாட்டவர் வணங்கும் தெய்வம் எது, அவர்தம் ஆசாரம் யாது, மறுமையைப் பற்றி அவர் கொண்ட கொள்கை யாது என்று வினவினார். இருவருக்கும் தாய்மொழி வேறு. இருவருக்கும் பொதுவாய் வாய்த்தது போர்த்துகீசிய மொழி. இவருக்கும் அயல்மொழி, அவருக்கும் அயல்மொழி. அவ்வழியே நம் சாஸ்திரப் பொருள் பேசப்பட்டது.

ரோஜேரியஸ் தாயகம் திரும்பி 1649-இல் காலமானார். அவர் எழுதி வைத்த நூல் 1651-இல் லெய்டனில் அச்சேறியது. மறைந்து கிடக்கும் அஞ்ஞானத்திற்குத் திறந்த வாயில் என்னும் கருத்துடைய பெயர் அதற்கு இடப்பட்டது. பெயரில் அஞ்ஞானம் என்றிருந்தாலும், உள்ளே ஏசுதல் குறைவு. கேட்டறிந்ததைக் கேட்டவாறே உரைத்தல் மிகுதி. வைஷ்ணவர்களைப் பற்றிக் கூறுமிடத்தில் நம் உடையவரின் திருநாமத்தையும் அந்நூல் குறிக்கிறது. பர்த்ருஹரியின் சதகங்களுள் நீதியும் வைராக்கியமும் பத்மநாபன் வாய்மொழியாக அதில் இடம்பெற்றன. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் ஸம்ஸ்கிருத மொழிபெயர்ப்பு என்று அறிஞர் இதனைக் கூறுவர். பின்னர் அந்நூல் 1663-இல் ஜெர்மானிய மொழியிலும் 1670-இல் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது.

இங்கே ஓர் ஐயம் எழும். பக்தியில்லாதவனுக்கும் கேட்க விருப்பமில்லாதவனுக்கும் இப்பொருளை உரையாதே என்று கீதையின் முடிவில் கண்ணனே விதித்திருக்க, பிற மதத்தவருக்கு உரைத்தது தகுமோ? தகும். விலக்கப்பட்டவன் அயல்நாட்டான் அல்லன். பக்தியில்லாதவனும் கேட்க மனமில்லாதவனும் பொறாமையுடையவனும் விலக்கப்பட்டனர். பணிந்து வினவுகிறவனுக்கு ஞானிகள் உபதேசிப்பர் என்று அதே கீதையின் நான்காம் அத்தியாயம் கூறுகிறது. மேலும், அந்நூலில் மொழிபெயர்ந்து இடம்பெற்றவை நீதியும் வைராக்கியமும். ஒழுக்கமும் பற்றின்மையும் எந்த மதத்தானுக்கும் சொல்லத்தக்கவை. ஆசார்யன் திருவடி பற்றிப் பெறவேண்டிய ரஹஸ்யங்கள் அவற்றின் பின்னே வருபவை. எதை முன்னே சொல்வது, எதை அதிகாரமறிந்து சொல்வது என்னும் விவேகம் உரைப்பவனுக்கு வேண்டும்.

வாயிலைத் திறந்தவர் ரோஜேரியஸ் என்று உலகம் சொல்லும். உள்ளிருந்து தாழை நீக்கியவர் பத்மநாபனே. வெளியே நிற்பவன் தட்டத்தான் முடியும். அவர் நூல்களைக் கற்றிராவிடில், பத்தாண்டு தட்டினாலும் பதில் வந்திராது.

உத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள அடியார்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். இந்நாளில் தூரதேசத்து மாணாக்கர்கள் நம் ஊர்களுக்கு வருகின்றனர். நம் இல்லங்களில் தங்கி, நம் உணவை உண்கின்றனர். "நெற்றியில் இதனை ஏன் தரிக்கிறீர்? சடாரியைத் தலையில் வைப்பது எதற்கு?" என்று அவர்களுள் ஒருவன் வணக்கத்தோடு கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? "வழக்கம்" என்பது விடையாகாது. விடை தெரியாத வெட்கத்தைக் கோபத்தால் மறைப்பது அதனினும் தாழ்வு. திருமண்காப்பு எம்பெருமான் திருவடி. சடாரி என்பது அத்திருவடிநிலையாகிய நம்மாழ்வார். அதனை முடியில் ஏற்பது அகங்காரத்தை இறக்கி வைப்பது. இவ்வளவேனும் நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைத்தால், அவர்கள் நாளை எந்தத் தேசத்தில் யார் இல்லத்தில் தங்கினும் வாயடைத்து நிற்கமாட்டார்கள்.

பிறருக்குச் சொல்லப் புகும்போதுதான் நமக்குத் தெரியாதது தெரிகிறது. ஆதலால் வினவ வருகிறவன் நமக்கு உபகாரகன். இடைகழியில் அவனுக்கு இடங்கொடுப்போம். நெருக்கம் உண்டானால் அஞ்ச வேண்டா. நெருக்குகிறவன் எவன் என்பதை ஆழ்வார்கள் கண்டு காட்டியிருக்கிறார்கள்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.